நாய் ஏன் மலம் தின்கிறது?

எங்கள் படிப்பு மையத்துக்கு ஓர் அக்கா வருவார். தினமும் முதல் ஆளாக வந்து உட்காருவார். ஒரு வாரமாக அவரைக் காணவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்க வீட்டுக்குப் போனேன்.

அக்காவின் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து, இப்போது தேறி வருகிறது. வாசலில் மணி கட்டிக் கிடந்தது. மணி அவர்கள் வளர்க்கும் செவலை நாய். வழக்கமாக வாலை ஆட்டி ஓடி வரும். அன்று தலையைத் தூக்கவே இல்லை.

"இந்த நாய் அசிங்கத்தைத் தின்னுது தம்பி. அதே வாயால புள்ள முகத்தை நக்குது. ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுடப் போறேன்" என்றார் அக்காவின் வீட்டுக்காரர்.

"ரெண்டு வருஷமா வீட்டைக் காத்த நாய் தம்பி" என்றார் அக்கா. "மிளகாய்ப் பொடி தூவிப் பார்த்தோம். அடிச்சும் பார்த்தோம். திருந்தலை."

எனக்குப் பதில் தெரியவில்லை. "ரெண்டு நாள் பொறுங்க மாமா, கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் கால்நடை மருத்துவரைப் பார்த்தேன். அவர் சொன்னதை இங்கே எழுதுகிறேன். நாய் வளர்க்கும் எல்லோருக்கும் இது உதவும்.

இது பிறவிக் குணமா?

"நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும்..." என்று ஒரு பழமொழி சொல்வோம். அதில் பாதி உண்மை இருக்கிறது.

தாய் நாயைக் கவனித்திருக்கிறீர்களா? குட்டி போட்ட முதல் சில வாரங்கள் அது குட்டிகளை நக்கிக்கொண்டே இருக்கும். குட்டிகளின் மலத்தையும் தின்றுவிடும். குட்டிகள் கிடக்கும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறது.

நாயின் முன்னோர் ஓநாய்கள். மலத்தில் புழு முட்டைகள் இருக்கும். அவை புழுவாக வளர்ந்து பரவச் சில நாட்கள் ஆகும். அதற்கு முன்பே மலத்தைத் தின்றுவிட்டால் குகை சுத்தமாகிவிடும். அந்தக் காலப் பழக்கம்தான் இன்றும் நாயிடம் தங்கியிருக்கிறது என்று சில விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

அமெரிக்காவில் நாய் வளர்ப்பவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டு, 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 100 நாய்களில் சுமார் 16 நாய்கள் அடிக்கடி நாய் மலம் தின்பது தெரிந்தது. நல்ல தீனி கிடைக்கும் வீட்டு நாய்களே இப்படி என்றால், மணியை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா?

வேறு காரணங்கள்

எல்லா நாய்க்கும் ஒரே காரணம் இருக்காது. கீழே உள்ளவற்றில் உங்கள் நாய்க்கு எது பொருந்தும் என்று பாருங்கள்.

பசி: வயிறு நிறையாத நாய் கிடைத்ததைத் தின்னும். வெறும் சோறும் கஞ்சியும் மட்டும் போட்டால் சத்துப் போதாது.

குடற்புழு: வயிற்றில் புழு இருந்தால் தின்ற உணவின் சத்தைப் புழு எடுத்துக்கொள்ளும். நாய்க்குப் பசி அடங்காது.

நோய்: சில நோய்களில் உணவு சரியாகச் செரிக்காது. நாய் நிறையத் தின்னும், ஆனாலும் மெலியும். நீரிழிவு போன்ற நோயிலும் பசி கூடும்.

சலிப்பு: நாள் முழுவதும் ஒரே இடத்தில் கட்டிக் கிடக்கும் நாய்க்கு வேறு வேலை இல்லை. பக்கத்தில் கிடக்கும் தன் மலத்தையே தின்னப் பார்க்கும்.

பயம்: கண்ட இடத்தில் மலம் கழித்ததற்காக அடித்தால், அடிக்குப் பயந்து அதைத் தின்று மறைக்கும் நாயும் உண்டு.

மருத்துவர் கேட்ட ஒரு கேள்வி

இவ்வளவையும் சொல்லிவிட்டு மருத்துவர் என்னைக் கேட்டார்: "அந்த வீட்டில் குழந்தையின் மலத்தை என்ன செய்கிறார்கள்?"

நான் பேசாமல் நின்றேன். அந்தக் காட்சியை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். குழந்தையை வாசலில் உட்கார வைப்போம். முடிந்ததும், "மணி, வா! வா!" என்று நாயைக் கூப்பிடுவோம். நாய் வந்து சுத்தம் செய்துவிட்டுப் போகும். நமக்கு வேலை மிச்சம்.

நாம்தான் கூப்பிட்டுப் பழக்கினோம். பிறகு நாம்தான் அடிக்கிறோம்.

"பால் குடிக்கிற பிள்ளையின் மலம்தானே, அதில் என்ன கெடுதல்?" என்று நினைக்கிறோம். அது தவறு. குழந்தையின் மலத்திலும் நோய்க் கிருமிகள் இருக்கும். அவை நாயின் வாயிலும் முடியிலும் ஒட்டும். நாய் குழந்தையின் முகத்தையும் கையையும் நக்கும். குழந்தை கையை வாயில் வைக்கும்.

இன்னொரு வழியிலும் கெடுதல் வரும். அசாமில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளில் நாய்களின் மலத்தைச் சோதித்தார்கள். அந்த ஆய்வு 2002-இல் வெளியானது. சுமார் 3-இல் ஒரு பங்கு நாய்களின் மலத்தில் உருண்டைப் புழுவின் முட்டைகள் இருந்தன. அவை மனிதர் வயிற்றில் வாழும் புழுவின் முட்டைகள்.

அவை நாய்க்குள் எப்படிப் போயின? அந்த நாய்கள் மனித மலத்தைத் தின்றிருந்தன. முட்டைகள் நாயின் வயிற்றில் சாகவில்லை. அப்படியே வெளியே வந்தன. நாய் போன இடமெல்லாம் முட்டைகளும் போயின. மண்ணில் சில வாரம் கிடந்தால் அவை முதிர்ந்துவிடும். அந்த மண்ணில் விளையாடும் குழந்தை, கையைக் கழுவாமல் சாப்பிட்டால் முட்டை வயிற்றுக்குள் போகும்.

ஆகவே, நாய் தின்றதால் மலம் ஒழிந்துபோகவில்லை. அது வேறு இடத்துக்குப் போயிருக்கிறது. அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்?

1. நாய்க்கு எட்டும் இடத்தில் மலம் இருக்கக் கூடாது. இதுதான் முதல் வேலை. குழந்தையின் மலத்தை உடனே எடுத்துக் கழிப்பறையில் போடுங்கள். கழிப்பறை இல்லாவிட்டால் கிணற்றுக்குத் தொலைவில் குழி தோண்டி, போட்டு மூடுங்கள். நாயின் மலத்தையும் உடனே அள்ளுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

2. வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு இரண்டு வேளை, நேரம் தவறாமல் தீனி வையுங்கள். சோற்றோடு முட்டை, மீன், பருப்பு என்று முடிந்ததைச் சேருங்கள். மீனில் முள் இருக்கக் கூடாது. குடிக்க நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

3. குடற்புழு மருந்து கொடுங்கள். பொதுவாக 3 மாதத்துக்கு ஒரு முறை கொடுப்பார்கள். குட்டிகளுக்கு இன்னும் அடிக்கடி தேவை. அளவை மருத்துவரிடம் கேளுங்கள். அப்படியே வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியையும் ஆண்டுதோறும் போடுங்கள்.

4. "வா" என்றால் வரப் பழக்குங்கள். நாய் மலம் கழித்தவுடன் கூப்பிடுங்கள். வந்தால் ஒரு சிறு துண்டு தின்பண்டம் கொடுங்கள். தட்டிக் கொடுங்கள். அது உங்களிடம் வந்த பிறகு இடத்தைச் சுத்தம் செய்யுங்கள்.

5. நாள் முழுவதும் கட்டிப் போடாதீர்கள். காலையும் மாலையும் கயிற்றில் பிடித்து நடத்திக் கூட்டிப் போங்கள்.

6. அடிக்காதீர்கள். மூக்கை மலத்தில் தேய்க்காதீர்கள். மிளகாய்ப் பொடி தூவாதீர்கள். அடிக்குப் பயந்த நாய் ஒளிந்து தின்னும், அவசரமாகத் தின்னும். இதை நிறுத்தும் என்று கடையில் விற்கும் மருந்துகளையும் நம்ப வேண்டாம். நான் முன்பு சொன்ன அமெரிக்க ஆய்வில், அவற்றால் பலன் கண்டவர்கள் 100-க்கு 2 பேருக்கு மேல் இல்லை.

7. இதுவரை தின்னாத நாய் திடீரென்று தின்ன ஆரம்பித்தாலோ, மெலிந்தாலோ, கழிச்சல் கண்டாலோ கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

குழந்தைகளையும் மறக்க வேண்டாம். 2015 முதல் ஆண்டுதோறும் பிப்ரவரி 10-ஆம் நாள் தேசியக் குடற்புழு நீக்க நாள். 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் மாத்திரை தருவார்கள். காசு கிடையாது. தவறாமல் வாங்கிக் கொடுங்கள்.

மணி என்ன ஆயிற்று?

நான் திரும்பிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வளர்த்த நாயைக் கொண்டுபோய்த் துரத்திவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொன்னேன். மாமா ஒன்றும் பேசவில்லை. அக்காதான் மெதுவாகச் சொன்னார்: "தினமும் நான்தானே தம்பி அதைக் கூப்பிட்டேன்."

மறுநாள் மாமா கடைக்குப் போய், குழந்தை உட்காரும் சிறிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வாங்கி வந்தார். மணிக்குப் புழு மருந்தும் கொடுத்தார்கள்.

மூன்று மாதம் ஆகிவிட்டது. மணி இப்போது வாசலில் எதையும் தின்பதில்லை. தின்ன எதுவும் கிடப்பதில்லை. வயல் பக்கம் போனால் மட்டும் சில சமயம் வாய் வைக்கிறது. "மணி, வா" என்று அக்கா கூப்பிட்டால் விட்டுவிட்டு ஓடி வருகிறது. அக்காவும் மறுபடி வகுப்புக்கு வருகிறார். மணி வாசலில் படுத்துக் காவல் காக்கிறது.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் தெருவில் சின்னக் குழந்தைகளின் மலத்தை என்ன செய்கிறார்கள்?
2. நாயை அடித்தால் இந்தப் பழக்கம் ஏன் போகாது?
3. நாய் மலத்தைத் தின்றால் இடம் சுத்தமாகிவிட்டதா? ஏன்?

எழுதுங்கள்

உங்கள் வீட்டு நாய்க்குக் கடைசியாகப் புழு மருந்து கொடுத்த தேதி எது? தடுப்பூசி போட்ட தேதி எது? இரண்டையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்து எப்போது என்பதையும் அதன் கீழே எழுதுங்கள்.