பழந்துணியும் பரம்பரை நினைவும்



தீபாவளிக்கு முன் வீட்டைத் தூய்மை செய்யும் நாள்களில் அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழந்துணிகள் சில வெளிவருதல் வழக்கம். பாட்டியார் உடுத்திய நூற்புடைவை, தாத்தாவின் கோடு போட்ட சட்டை, தம்பிக்குத் தொட்டில் கட்டிய புடைவை என அவை பலவாக இருக்கும். சிலர் அவற்றைக் கிழித்துத் தரை துடைக்கப் பயன்படுத்துவர். சிலர் மீண்டும் பெட்டியில் இட்டு மறந்துவிடுவர். இவ்விரண்டும் தக்க வழிகள் அல்ல. முன்னோர் விட்டுச் சென்ற துணியைப் பேணிக் காத்துத் தையலுக்குப் பயன்படுத்தும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

பெட்டிக்குள் அழிந்த பட்டு

எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றை முதலில் கூறுகிறோம். அன்னையாரின் திருமணப் பட்டுப்புடைவை நெகிழிப் பையில் சுற்றப்பட்டு, ஒரே மடிப்பில், இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தகரப் பெட்டியில் இருந்தது. தமக்கையாரின் திருமணத்தின்போது அதனை விரித்தோம். மடிப்புகள்தோறும் பட்டு விண்டுபோயிற்று, சரிகையும் கறுத்திருந்தது. அன்னையார் ஒன்றும் பேசவில்லை. அதனை மெல்ல மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பூட்டி வைப்பது வேறு, காப்பது வேறு என்பதை அன்று உணர்ந்தோம்.

அப்பெட்டியிலேயே நீலப் பூப்போட்ட துணித்துண்டு ஒன்றும் இருந்தது. அது யாருடையது என்று கேட்டோம். "பாட்டிக்குத்தான் தெரியும்" என்றார் அன்னையார். பாட்டியாரோ அதற்கு ஈராண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார். துணி இருந்தது, அதன் கதை போய்விட்டது.

சாங்கிச் சிறைப் போர்வைகள்

துணியோடு பெயரும் நிலைத்ததற்குச் சிங்கப்பூரிலேயே சிறந்த சான்று உண்டு. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியப் படையிடம் வீழ்ந்தது. அங்கிருந்த ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். கணவர் ஓரிடம், மனைவி ஓரிடம் எனக் குடும்பங்கள் பிரிக்கப்பட்டன. தாம் உயிரோடு இருக்கும் செய்தியைக்கூட எவரும் அனுப்ப இயலவில்லை.

அவ்வேளையில் கனடா நாட்டைச் சேர்ந்த எத்தெல் மல்வனி என்னும் பெண்மணி ஒரு வழி கண்டார். காயமுற்ற வீரர்களுக்குப் போர்வை தைப்போம் என்றார். கிடைத்த துணியைச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு பெண்ணும் ஒரு சதுரத்தில் தன் மனத்திலுள்ளதைப் பூத்தையலாக வரைந்து, பெயரையும் தைத்தார். ஒரு போர்வைக்கு 66 சதுரங்கள். மூன்று போர்வைகள் உருவாயின. அவற்றில் ஒன்று ஜப்பானிய வீரர்களுக்கு உரியது. போர்வைகள் கைமாறும்போது கணவரும் உறவினரும் அப்பெயர்களைக் கண்டு, இவர் உயிரோடிருக்கிறார் என்று அறியக்கூடும் அன்றோ! இன்று அவற்றுள் இரண்டு ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும், ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் உள்ளன.

அதே சிறையில் உங்களை ஒத்த சிறுமியரும் ஒரு போர்வை தைத்தனர். 8 முதல் 16 வயதுவரையிலான சாரணச் சிறுமியர், கந்தல் துணுக்குகளை அறுகோணங்களாக வெட்டிப் பூக்கள்போல இணைத்தனர். தம் தலைவி எலிசபெத் என்னிஸ் அம்மையாருக்குப் பிறந்தநாள் பரிசாக அதனை அளித்தனர். அது இலண்டன் பேரரசுப் போர் அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது. அதிலும் சிறுமியரின் பெயர்கள் தைக்கப்பட்டுள்ளன.

வேலையுடையும் போர்வையாயிற்று

அதே 1942ஆம் ஆண்டில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில் மிசூரி பெட்வே என்னும் பெண்மணி கணவரை இழந்து துயருற்றிருந்தார். அவ்வூரார், பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பின அடிமைகளின் வழித்தோன்றல்கள்.  கணவரின் வேலையுடைகளைப் பிரித்து, அவர் நினைவாகப் போர்த்துக்கொள்ளத் தம் மகளின் துணையோடு போர்வையாகத் தைத்தார். அப்போர்வை இன்று வாஷிங்டனிலுள்ள தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதன் கதையை நாம் அறிவது, மகள் அர்லோன்சியா பிற்காலத்தில் எடுத்துரைத்ததனால்தான்.

வங்காளத்துப் பெண்டிரும் பழம்புடைவைகளை அடுக்கி, புடைவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே அவற்றை இணைத்துத் தைத்தனர். அதற்குக் காந்தா என்று பெயர். அச்சொல் நம் 'கந்தை' என்னும் சொல்லுக்கு உறவானது. கந்தையையும் கசக்கிக் கட்டவேண்டும் என்று கூறும் மரபு நம்முடையது. கசக்கியதைத் தைத்துக் காப்பதும் நமக்கு எளிதேயாகும்.

காக்கும் முறை

நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் துணிக்குப் பகை. ஆகவே பின்வருவனவற்றை மனத்திற் கொள்வோம்.

1. வியர்வையும் உணவுக்கறையும் பூச்சிகளை அழைக்கும். நூல்துணியைத் துவைத்து நன்கு உலர்த்திய பின்னரே வைத்தல் வேண்டும்.

2. கஞ்சி போட்டு வைத்தல் ஆகாது. இராமபாணப் பூச்சி கஞ்சியை விரும்பி உண்ணும்.

3. நெகிழிப் பை ஈரத்தை உள்ளே அடைத்துப் பூஞ்சணம் பூக்கச் செய்யும். துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுதல் நன்று.

4. பாச்சை உருண்டை துணியையும் சரிகையையும் தொடலாகாது.

5. சில திங்களுக்கு ஒருமுறை வெளியில் எடுத்து, நிழலில் காற்றாட விரித்து, மடிப்பை மாற்றி மடித்தல் வேண்டும். ஒரே மடிப்பில் நெடுங்காலம் கிடந்தால் இழை அறும்.

வெட்டலாமா, வேண்டாமா?

முழுதாகவும் உறுதியாகவும் இருக்கும் துணியை வெட்ட வேண்டா. ஓரிடம் நைந்த துணியை விளக்கொளிக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒளி மிகுதியாகத் தெரியும் இடங்களை விலக்கி, எஞ்சியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுமுன் வீட்டுப் பெரியவர்களின் இசைவைப் பெறுதல் இன்றியமையாதது.

ஏறத்தாழ ஒரே கனமுள்ள பருத்தித் துணிகளை 12 செ.மீ. சதுரங்களாக வெட்டுங்கள். நான்கு பக்கமும் 1 செ.மீ. தையலுக்குப் போனால் ஒவ்வொன்றும் 10 செ.மீ. சதுரமாகும். வரிசைக்கு ஆறாக எட்டு வரிசை இணைத்தால் 48 சதுரங்களில் 60 செ.மீ. அகலமும் 80 செ.மீ. நீளமும் உள்ள குழந்தைப் போர்வை கிடைக்கும். அதன் கீழே பழைய மெத்தென்ற துணி ஒன்றையும், அடியில் உறுதியான துணி ஒன்றையும் வைத்து, மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போடுங்கள். நைந்த துணியாயின், ஒவ்வொரு சதுரத்தின் பின்னும் மெல்லிய துணியை வைத்துத் தைத்தால் கிழியாது.

இறுதியாக, போர்வையின் பின்புறத்தில் சிறு வெள்ளைத் துணி ஒன்றைத் தைத்து, எந்தத் துணி யாருடையது, யார் தைத்தார், எந்த ஆண்டு என்று நூலால் எழுதுங்கள். சாங்கிச் சிறைப் பெண்கள் நமக்குக் கற்பித்த பாடம் இதுவேயாகும்.

முடிவுரை

அன்னையாரின் பட்டுப்புடைவை முழுவதும் வீணாகவில்லை. முந்தானையில் உறுதியாயிருந்த பகுதியைப் பருத்தித் துணியின்மேல் பதித்துத் தைத்தோம். அது தமக்கையாரின் இல்லத்தில் வெயில் படாத சுவரில் உள்ளது. அதன் பின்புறத்தில் அன்னையாரின் பெயரும் திருமண ஆண்டும் உள்ளன. நீலப் பூப்போட்ட துண்டையும் வைத்திருக்கிறோம். ஆனால் அதன்மேல் தைக்க எங்களிடம் பெயர் இல்லை.

ஆகவே மாணவர்களே, இன்று மாலையே பாட்டியாரின் அருகில் அமருங்கள். பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு துணியாக எடுத்து, "இது யாருடையது?" என்று கேளுங்கள். அவர் கூறுவதை ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஊசியும் நூலும் நாளைக்கும் கிடைக்கும்.