பிரஸ் கார்டு வேண்டாம் தங்கச்சி, போனே போதும்

ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்று போட்டோ எடுத்தால் "நீ பிரஸ்ஸா, கார்டு எங்கே?" என்று மடக்குகிறார்கள், பணம் கட்டி ஒரு கார்டு வாங்கிவிடட்டுமா என்று கேட்டாயே தங்கச்சி. வாங்காதே. காசுக்கு விற்கிற அட்டை உனக்கு எந்த உரிமையும் தராது, வம்பைத்தான் தரும்.

அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு கருத்துரிமையைக் குடிமக்கள் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறது. பத்திரிகைக்காரர்களுக்கென்று அதில் தனி வரி கிடையாது. அவர்களும் அதே பிரிவின் நிழலில்தான் நிற்கிறார்கள். அரசு தருகிற அங்கீகார அட்டை, கலெக்டர் ஆபீஸ் பிரஸ் மீட் போன்ற இடங்களுக்குள் போக உதவும். ரோட்டில் நின்று ரோட்டுப் பள்ளத்தைப் படம் எடுக்க அது எதற்கு?

2023 மே மாதம் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் நடந்தது உனக்கு மறந்திருக்காது. பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலோடு ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. மேலே போக ரோடு இல்லை. பெற்ற தாய் பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு மலையேறினாள். அந்தக் காட்சி வெளியே வந்த பிறகு அந்த ஊருக்கு ரோடு இல்லை என்பது பரவலாகப் பேசப்பட்டது. நம் மலையில் போட்டோவுக்கு இவ்வளவு வேலை இருக்கிறது.

அதனால் ஒழுங்காக எடு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பு. போனில் உள்ள மூலப்படத்தை அழிக்கவே அழிக்காதே, நாளைக்குக் கோர்ட்டில் கேட்பது அதைத்தான். மலையில் சிக்னல் வந்து வந்து போகும். போளூர் இறங்கியதும் முதல் வேலையாக இன்னொரு இடத்தில் காப்பி போட்டு வை. தேதி, நேரம், இடம் மூன்றையும் நோட்டில் எழுது.

போலீஸ்காரர் தடுத்தால் குரலை உயர்த்தாதே. எந்தச் சட்டப்படி என்று மரியாதையாகக் கேள். போனை வாங்கினால் எழுத்தில் ரசீது கேள். போலீஸ் ஸ்டேஷன், அலுவலக ரகசியச் சட்டம் சொல்லும் 'தடை செய்யப்பட்ட இடம்' அல்ல என்று மும்பை உயர்நீதிமன்ற நாக்பூர் கிளை 2022இல் சொன்னது. வெளிமாநிலத் தீர்ப்பு, எடுத்துக்காட்டலாம். அதை நம்பி உள்ளே போய் வீடியோ எடுக்காதே. காப்புக்காட்டில் படம் எடுப்பது இருக்கட்டும், நுழைவதற்கே வனத்துறை அனுமதி வேண்டும்.

முகங்கள் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. குளிக்கிற, உடை மாற்றுகிற பெண்ணைப் படம் எடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவில் முதல் தடவைக்கே 1 முதல் 3 ஆண்டு ஜெயில். பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையின் முகம், பெயர், பள்ளி எதுவும் வெளியே வரக் கூடாது. ஆஸ்பத்திரி கட்டிலில் கிடப்பவரிடமும், சாமி கும்பிடுகிற நம் பெரியவர்களிடமும் கேட்டுவிட்டு எடு. வேண்டாம் என்றால் போனைப் பையில் போடு.

இந்த வாரம் ரேஷன் கடைக்குப் போகும்போது இருப்புப் பலகையைத் தேதியோடு எடுத்து அனுப்பு தங்கச்சி.