“மிஸ்” சொல்லும் முன் மூன்று பார்வை

கிளப் போட்டிகளில் ஃபவுலுக்காக யாரும் பெரிதாகச் சண்டை போடுவதில்லை. வெள்ளைப் பந்து பாக்கெட்டில் விழுந்தது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். தகராறு கிளம்புவது அதற்கு அடுத்த வார்த்தையில்: “மிஸ்”. மார்க்கராக ஸ்கோர் எழுதிப் பழகி, இப்போது நடுவராக நிற்கத் தொடங்கியிருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பதும் இதைப் பற்றித்தான்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். மிஸ் என்பது ஆட்டக்காரர் மேல் சுமத்தும் பழி அல்ல. எதிராளி உழைத்துப் போட்ட ஸ்னூக்கருக்கு விதி தரும் காவல் அது. 4 புள்ளியைக் கொடுத்துவிட்டு வெள்ளைப் பந்தைப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பிவிடலாம் என்று ஆகிவிட்டால், ஸ்னூக்கர் போடும் கலைக்கே மதிப்பில்லை. அதனால்தான் ஆட வேண்டிய பந்தைத் தொடத் தன்னால் இயன்ற முழு முயற்சியும் எடுக்க வேண்டும் என்கிறது விதி. அந்த முயற்சி போதாது என்று நடுவர் கருதினால் ஃபவுலோடு மிஸ்ஸும் சேரும்.

தீர்ப்பு சொல்வது அடி முடிந்த பிறகுதான். ஆனால் அதற்கு வேண்டியதையெல்லாம் அடிக்கு முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும். நான் சொல்லிக்கொடுப்பது மூன்று பார்வைகள்.

முதல் பார்வை: ஸ்கோர் போர்டு

டேபிளில் பிங்க்கும் கறுப்பும் மட்டும் மிச்சம் என்று வையுங்கள். மீதி 13 புள்ளி. பிங்க் கறுப்புக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. ஆடுபவர் 5 புள்ளி பின்தங்கியிருக்கிறார். குஷனில் அடித்து எடுக்கப் பார்க்கிறார். எந்தப் பந்திலும் படவில்லை. ஃபவுல் 6. வித்தியாசம் 11 ஆகிறது, 13-க்குள்தான் இருக்கிறது. முயற்சி போதாது என்றால் மிஸ் சொல்லலாம்.

அதே ஆட்டக்காரர் 8 புள்ளி பின்தங்கியிருந்தால்? அந்த 6 சேர்ந்ததும் வித்தியாசம் 14. இனி எதிராளி ஃபவுல் செய்தால்தான் அவரால் ஜெயிக்க முடியும். அடிக்கு முன்போ, அந்த அடியின் விளைவாகவோ, இருவரில் யாருக்காவது இந்த நிலை வந்தால், வேண்டுமென்றே தவறவிடவில்லை என்று நடுவருக்குத் திருப்தி இருக்கும்வரை மிஸ் கிடையாது. வித்தியாசம் சரியாக 13 ஆக நின்றாலும் அப்படியே. “அந்த அடியின் விளைவாக” என்ற பகுதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அடிக்கு முன்பே கணக்கைப் போட்டு வையுங்கள்.

ஃபவுலின் அளவும் இங்கேயே தெளிவாக இருக்கட்டும். குறைந்தது 4, அதிகம் 7. ஆட வேண்டிய பந்து, தவறாகப் பட்ட பந்து, இரண்டில் எதன் மதிப்பு அதிகமோ அது. சிவப்பை ஆட வேண்டியவர் முதலில் கறுப்பில் பட்டால் 7.

இரண்டாம் பார்வை: பாதை

வெள்ளைப் பந்திலிருந்து ஆட வேண்டிய பந்தின் ஏதாவது ஒரு பகுதிக்கு நேர்க்கோட்டில் வழி இருக்கிறதா? வழி இருந்தும் அதை முதலில் தொடவில்லை என்றால் மிஸ்தான். முயற்சியை எடைபோடும் பேச்சே இல்லை. மேலே சொன்ன ஸ்கோர் விலக்கு மட்டுமே உண்டு.

நடுப்பகுதியில் முழுதாக மோதும்படி வழி திறந்திருந்தால் விதி இன்னும் கடுமை. முதல் முறை மிஸ் ஆகி, பந்தைத் திரும்ப வைத்து ஆடும்போது இரண்டாம் முறையும் தவறினால், ஸ்கோர் எப்படி இருந்தாலும் மிஸ். மறுபடி ஆடச் சொல்லி எதிராளி கேட்டால், “இன்னொரு முறை தவறினால் ஃபிரேம் போய்விடும்” என்று ஆட்டக்காரரிடம் காதில் விழும்படி சொல்லுங்கள். எச்சரிக்காமல் ஃபிரேமைப் பறிப்பது அநியாயம். முழு ஸ்னூக்கரில் இந்த மூன்று முறைக் கணக்கு இல்லை.

வழியே இல்லாதபோது வேகத்தைக் கவனியுங்கள். பந்து வரை போய்ச் சேராத அடியை முழு முயற்சி என்று ஏற்பது கடினம். எளிய வழி இருக்க வேறு வழியில் போனாரா என்றும் பாருங்கள். விதி கேட்பது “தன்னால் இயன்ற” முயற்சி. புதிதாக ஆட வந்தவரைத் தொழில்முறை வீரரின் அளவுகோலால் அளக்காதீர்கள்.

மூன்றாம் பார்வை: பந்துகளின் இடம்

நான் நடுவராக நின்ற ஆரம்ப நாட்களில், ஒரு மிஸ்ஸுக்குப் பிறகு வெள்ளைப் பந்தை ஏறக்குறைய அதே இடத்தில்தான் வைத்தேன். ஆனால் முன்பு முழுதாக மறைந்திருந்த சிவப்பின் ஓரம் இப்போது தெரிந்தது. ஆட்டக்காரர் அதைத் தொட்டுத் தப்பித்தார். ஸ்னூக்கர் போட்டவர் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர்தான், ஒரு நூல் நகர்ந்தால் போதும், பூட்டு திறந்துவிடும்.

அதனால் அடிக்கு முன் வெள்ளைப் பந்தின் பின்னால் குனிந்து, எந்தப் பந்தின் ஓரம் எதை மறைக்கிறது என்று பாருங்கள். திரும்ப வைக்கும்போது இருவரையும் கேளுங்கள். கடைசி முடிவு உங்களுடையது. அந்தப் பேச்சின் நடுவே யாராவது பந்தைத் தொட்டால் அதுவும் ஃபவுல். இடம் மாறிய மற்றப் பந்துகளைத் தவறியவருக்கு ஆதாயம் கிடைக்கும் என்றால் மட்டும் பழைய இடத்தில் வையுங்கள்.

மிஸ் சொன்னபின் தேர்வு எதிராளியுடையது: தானே ஆடலாம், நின்ற இடத்திலிருந்து தவறியவரையே ஆடச் சொல்லலாம், பழைய இடத்தில் வைத்து மறுபடி ஆடச் சொல்லலாம். அவர் கேட்கும்வரை பந்தில் கை வைக்காதீர்கள். எது நல்லது என்று யோசனையும் சொல்லாதீர்கள்.

போட்டிக்கு முந்தைய வாரம் ஒரு காலி டேபிள் கிடைத்தால் இதைச் செய்யுங்கள். ஐந்து பந்துகளைப் பரப்பி, வெள்ளைப் பந்தை ஒன்றின் பின்னால் மறைத்து, செல்பேசியில் படம் எடுங்கள். பிறகு வெள்ளைப் பந்தை உருட்டிவிட்டு, நினைவிலிருந்து திரும்ப வைத்துப் படத்தோடு ஒப்பிடுங்கள். முதல் நாள் பிழை பெரிதாகத் தெரியும். விடாமல் செய்துவந்தால், டேபிளில் நீங்கள் பந்தை வைக்கும்போது இரண்டு ஆட்டக்காரர்களும் ஒன்றும் சொல்லாமல் தலையாட்டுவார்கள்.