செல்ஃப் மோட்டாரைக் கழற்றும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

பழவேற்காட்டில் ஏரியோரம் பல மழைக்காலம் நின்ற ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்று உன் கைக்கு வந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் கேட்கிறது, செல்ஃப் மோட்டாரை மாற்றிவிடவா என்று கேட்டிருக்கிறாய். ஹெரால்டு 1961 முதல் நம் சென்னையில் தயாரான வண்டி. கம்பெனி மூடிப் பல காலம் ஆகிறது. ஒரிஜினல் மோட்டாரைத் தூக்கிப் போட்டால் இன்னொன்று தேடி அலைய வேண்டும். முதலில் மீட்டரை எடு.

இன்ஜினைச் சுழற்ற அந்த மோட்டார் 200 ஆம்பியர் வரை இழுக்கும் என்று வைத்துக்கொள். வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் போய்விடும். 12 வோல்ட்டில் அது பெரிய நஷ்டம். ஒரு டெர்மினலில் பூத்த பச்சைக் களிம்பு அந்தத் தடையைத் தாராளமாகத் தரும். உப்புக்காற்று அடிக்கிற உன் ஊரில் மோட்டாரை விட அதற்குப் போய் வரும் பாதைதான் முதலில் கெடுகிறது.

இக்னிஷன் காயிலுக்குப் போகும் சின்ன வயரைக் கழற்றிவிட்டால் இன்ஜின் ஓடத் தொடங்காது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் கம்பத்தின் மேலேயே வை. கிளாம்பின் மேல் வேண்டாம். மறு முனையை இன்ஜினின் வெறும் இரும்பில் வைத்துக்கொண்டு, ஒருவரைச் சாவி திருப்பச் சொல். 0.2, 0.3 வோல்ட்டைத் தாண்டினால் குற்றவாளி எர்த்தான். இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. அதை சேசிஸோடு இணைக்கும் எர்த் பட்டை அறுந்திருந்தால் கரண்ட் சோக் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். சோக் கேபிள் சுட்டால் வேறு சாட்சி வேண்டாம். ஹெரால்டில் பாடி தனி, சேசிஸ் தனி என்பதால் நடுவில் துரு ஏறிய போல்ட்டுகளையும் நம்பாதே.

பேட்டரியிலிருந்து மோட்டார் வரையும் இதே மாதிரி பார். இரண்டு பக்கமும் சரியாக இருந்து, மோட்டார் கம்பத்திலும் வோல்ட்டேஜ் நன்றாக வந்து, அப்போதும் அது சுற்றாவிட்டால்தான் ஸ்பேனரைத் தொடு. அதற்கும் முன்னால், மோட்டாரின் பின்முனையில் சதுரமாக நீட்டிக்கொண்டிருக்கும் அச்சை ஸ்பேனரால் திருப்பிப் பார். பல்சக்கரம் ஃப்ளைவீல் ரிங்கில் சிக்கியிருந்தால் விடுபட்டுவிடும்.

கழற்ற வேண்டி வந்தால் எர்த் கேபிளை முதலில் எடு, கடைசியில் மாட்டு. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வழி வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். ஆகவே கறுப்பு, சிவப்பு நிறத்தை நம்பாமல் பாடிக்கு எது போகிறது என்று பார். பழைய மோட்டாரில் ஃபீல்டு காயிலும் ஆர்மேச்சரும் தொடராக இருப்பதால் பேட்டரியை மாற்றிக் கொடுத்தாலும் சுற்றும் திசை மாறாது. காந்தம் வைத்த புது வகை மோட்டாரைப் பாசிட்டிவ் எர்த் வண்டியில் அப்படியே மாட்டினால் எதிர்த்திசையில் சுற்றும். கடைக்காரர் ‘பொருந்தும்’ என்பது போல்ட் துளைக்கு மட்டும்தான்.

பிரித்ததும் கார்பனையும் ஸ்பிரிங்கையும் பார். கம்யூட்டேட்டரை வழவழப்பாகத் துடை. டைனமோவில் செய்வதுபோல் செம்புப் பட்டைகளுக்கு நடுவே உள்ள மைக்காவைச் சுரண்டி இறக்காதே. புது புஷ் போடுவதானால் ஒரு நாள் முழுக்க ஆயிலில் ஊறட்டும். பல்சக்கரத்தை முன்னே தள்ளும் பெண்டிக்ஸை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிடு, கிரீஸ் தடவாதே. கிளட்ச் தூசி அதில் ஒட்டினால் பல்சக்கரம் முன்னேறாது.

கேபிளில்தான் உன் கைவேலை தெரியும். ரப்பரை உரித்தால் உள்ளே செம்பு கறுத்திருக்கும். பளபளப்பு தெரியும்வரை வெட்டு. நீளம் போதாவிட்டால் ஒட்டுப் போடாமல் புதுக் கேபிள் போடு. லக்கை அமுக்கும் கருவியால் அழுத்திப் பிடித்து, வாயை ஸ்லீவால் மூடு. எர்த் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, முறுக்கி முடித்த பிறகு மேலே வாசலின் பூசு.

கடைசியாக, பில். எர்த் பட்டைதான் காரணம் என்றால் அதையே எழுது. மோட்டார் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, கண்டுபிடித்த வேலைக்குக் கூலியைக் கூசாமல் கேள். கழற்றிய பழைய பட்டையை உரிமையாளர் கையில் கொடுத்து, மீட்டர் காட்டிய எண்ணையும் சொல். பாகம் விற்றுச் சம்பாதிப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். விற்காமலே வண்டியை ஓட்டிக் காட்டுகிறவனைத்தான் அடுத்த பழைய வண்டிக்காரர் விசாரித்துக்கொண்டு வருவார்.

அன்புடன்,
உன் அண்ணன்