ஷூட்டிங்குக்கு வீடு விடலாமா?

டெல்லியில் மயூர் விஹாரிலோ துவாரகாவிலோ நாலு தமிழர்கள் கூடினால், "யாரோ ஒருத்தர் ஷூட்டிங்குக்கு வீட்டை விட்டு ஒரே நாளில் மாச வாடகையைப் பார்த்துட்டாராம்" என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். அப்படி நடப்பது உண்டுதான். ஆனால் அதைச் சுற்றி வளர்ந்திருக்கும் நம்பிக்கைகளில் பாதி தேறாது.

நம்பிக்கை: பங்களாவும் பண்ணை வீடும்தான் எடுபடும்.

சத்தர்பூர் பண்ணை வீடுகளுக்குக் கிராக்கி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 'விக்கி டோனர்' (2012) நாயகன் குடியிருப்பது லஜ்பத் நகரில், சாதாரண பஞ்சாபிக் குடும்பத்து வீட்டில். இந்த மாதிரிக் கதைகளுக்கு நடுத்தர வீடுதான் வேண்டும். வீடு பார்க்க வரும் லொகேஷன் மேனேஜர் உங்கள் மார்பிள் தரையைக் கண்டு மயங்குவதில்லை. கூடத்தின் ஒரு சுவரை ஒட்டிக் கேமராவை வைத்தால் எதிர்ச்சுவர் வரை எத்தனை அடி கிடைக்கும், வெயில் எந்த ஜன்னல் வழியாக வருகிறது, கேரவனும் ஜெனரேட்டர் வண்டியும் தெருவில் திரும்புமா என்றுதான் பார்ப்பார். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி என்றால், பெரும்பாலும் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

நம்பிக்கை: டெல்லிக் கதையென்றால் டெல்லிக்குத்தான் வந்தாக வேண்டும்.

ராகேஷ் ஓம்பிரகாஷ் மெஹ்ராவின் 'டெல்லி 6' (2009) பெயரிலேயே ஊரை வைத்திருக்கும் படம். அதன் பெரும்பகுதியை எடுத்தது ராஜஸ்தானின் சாம்பர் ஊரில். சினிமாக்காரர்களை நம்பி வீட்டை இடித்துக் கட்டாதீர்கள்.

நம்பிக்கை: என் வீடு, என் இஷ்டம்.

ஆர்.கே.புரத்து சர்க்கார் குவார்ட்டர்ஸ் உங்கள் வீடே அல்ல. உள்வாடகைக்கு விட விதிகளில் இடமில்லை, ஒதுக்கீடே பறிபோகலாம். வாடகைக்குக் குடியிருப்பவர் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். சொசைட்டி ஃபிளாட் என்றால் நிர்வாகக் குழுவின் அனுமதியும் வேண்டும்.

தெருவும் உங்களுடையதல்ல. பொது இடங்களில் படமெடுக்கும் அனுமதிகளை ஒரே வாசலில் தருவதற்காக டெல்லி அரசு 2022-இல் திரைப்படக் கொள்கை கொண்டுவந்தது. பொறுப்பு டெல்லி சுற்றுலாக் கழகத்திடம். அந்தத் தாள்களை வாங்க வேண்டியது தயாரிப்பாளர். கேட்டுப் பார்க்க வேண்டியது நீங்கள்.

சிக்கலில் முதலிடம் ஜெனரேட்டருக்கு. ஒரு பெரிய லைட்டே நாலு கிலோவாட் இழுக்கும். உங்கள் மீட்டரின் மொத்த அனுமதி பல ஃபிளாட்களில் அவ்வளவுதான் இருக்கும். ஆகவே வாசலில் டீசல் வண்டி உறுமும். குடியிருப்புப் பகுதியில் ஒலி வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்கு மேல் 45. குளிர்காலத்தில் காற்று கெட்டு, 'கிராப்' எனும் காற்றுமாசுக் கட்டுப்பாடுகள் வந்துவிட்டால் டீசல் ஜெனரேட்டருக்குக் கெடுபிடி வேறு. சிரமம் பக்கத்து வீட்டுக்காரருக்கு, பணம் உங்களுக்கு என்றால் புகார் போகத்தானே செய்யும்?

நம்பிக்கை: உள்ளே விட்டால் காலி செய்ய மாட்டார்கள்.

தேவையற்ற பயம். முறையாக எழுதினால் இது குடிவாடகை ஒப்பந்தமே அல்ல, 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி வெறும் உரிமம். பயப்பட வேண்டியது ஆர்ட் டிபார்ட்மென்ட்டுக்கு! சமையலறைச் சுவரை நீலமாக்குவார்கள், சாமி அலமாரியைக் கழற்றுவார்கள். பேக்-அப் சொன்னதும் யூனிட் அடுத்த லொகேஷனுக்குப் போய்விடும். 'பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்' என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தத் தேதிக்குள், தவறினால் வைப்புத்தொகையில் எவ்வளவு பிடித்தம் என்பதும் வேண்டும். செட் போடும் நாளுக்கும் கழற்றும் நாளுக்கும் தனி வாடகை பேசுங்கள். பலர் கோட்டைவிடுவது அங்கேதான். உங்கள் வீட்டு இன்ஷூரன்ஸ் இந்தச் சேதத்துக்குக் கைகொடுக்கும் என்று நம்பியிருக்காமல், தயாரிப்பாளரின் பாலிசி நகலைக் கேளுங்கள்.

நம்பிக்கை: ரொக்கமாக வாங்கினால் வரி இல்லை.

இருக்கிறது. ஒரே பரிவர்த்தனைக்கு ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை முழுவதுமே அபராதமாகப் போகலாம். 2025 ஏப்ரல் முதல், மாத வாடகை ரூ.50,000-ஐத் தாண்டினால் கம்பெனி 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தரும். அதைப் பார்த்துச் சண்டை போடாதீர்கள். கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம்.

வீட்டின் ஒவ்வொரு அறையையும் முன்கூட்டியே படமெடுத்து வையுங்கள். முன்பணம் வங்கிக் கணக்கில் ஏறி, ஷிப்ட் எத்தனை மணிக்கு முடியும் என்பது ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்தாகும் வரை சாவியைக் கொடுக்காதீர்கள்.