மறதிக்கு வயதை மட்டும் காரணம் சொல்லாதே

அன்புள்ள தங்கைக்கு,

செங்கல்பட்டில் மருத்துவம் படிக்கிறாய். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலான குப்பங்களிலிருந்து, நாற்பத்தைந்தைக் கடந்த பெண்கள் நாளை உன் முன் வந்து உட்காருவார்கள். மீன் ஏலம், வட்டிக் கணக்கு, பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் மனசிலேயே வைத்து நடத்தியவர்கள், "கொஞ்ச நாளா எதுவும் நினைப்புல நிக்கல" என்பார்கள். "மாதவிலக்கு நிற்கிற வயசு, அப்படித்தான்" என்று அனுப்பிவிடாதே. சிறுவயதில் எப்படி இருந்தார்கள் என்று கேள்.

கருப்பைக்கு மட்டும் உரியதல்ல ஈஸ்ட்ரோஜன். திட்டமிடவும், கவனத்தை ஓரிடத்தில் நிறுத்தவும் மூளையின் முன்பகுதிக்கு டோபமைன் வேண்டும். அந்த டோபமைனுக்கு ஈஸ்ட்ரோஜன் துணை. ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவு, மிகையியக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கு டோபமைன் சார்ந்த இந்த ஒழுங்கு சிறுவயதிலிருந்தே தடுமாறுகிறது. மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கிக் குறையும்போது, அதுவரை பழக்கத்தாலும் கூடுதல் உழைப்பாலும் சமாளித்தவர்கள் நிலைகுலையலாம். 2015-இல் வெளியான பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு இதற்கு மறைமுகச் சான்று: ஏ.டி.எச்.டி. இல்லாமல், இந்தப் பருவத்திலோ மாதவிலக்கு நின்ற தொடக்க ஆண்டுகளிலோ புதிதாகத் தடுமாறிய 32 பெண்களுக்கு, ஏ.டி.எச்.டி. மருந்தான லிஸ்டெக்ஸாம்ஃபெடமின் வெற்று மாத்திரையைவிட அதிகம் உதவியது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் ஈஸ்ட்ரோஜன் குறைவும் ஏ.டி.எச்.டி.யும் மூளையின் ஒரே இடத்தைத் தொடலாம் என்று குறிப்பால் உணர்த்துகிறது.

"இந்த வயதில் எல்லாருக்கும்தானே மறதி?" என்பார்கள். உண்மைதான். 2,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களை நான்காண்டுகள் கவனித்து 2009-இல் வெளியான ஆய்வில், மாதவிலக்கு நிற்கும் தறுவாயில் மந்தமான கற்றல்திறன், நின்றபின் மீண்டது. அதனால்தான் குழந்தைப் பருவத்தைக் கேட்கச் சொல்கிறேன். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தால்தான் அது ஏ.டி.எச்.டி. என்கிறது மனநல மருத்துவக் கையேடான 2013-இன் டி.எஸ்.எம்.-5 வரையறை. "அப்போதே பள்ளியில் தெரிந்திருக்குமே" என்றால், ஓடியாடும் பையன் கண்ணில் படுவான். ஜன்னலைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருக்கும் சிறுமி படமாட்டாள். வந்த பெண்ணின் அம்மாவையோ அக்காவையோ விசாரி: சிறுவயதில் பொருளைத் தொலைப்பாளா, தொட்ட வேலையைப் பாதியில் விடுவாளா?

உடனே மாத்திரை எழுது என்பதல்ல என் வாதம். தைராய்டு, ரத்தசோகை, தூக்கக்கேடு, மனச்சோர்வு ஆகியவற்றை முதலில் பார். ஊக்க மருந்துகள் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கூட்டக்கூடியவை. ஹார்மோன் சிகிச்சையும் ஏ.டி.எச்.டி.க்கான மருந்தல்ல. சந்தேகம் வலுத்தால் மனநல மருத்துவரிடம் அனுப்பு. டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-ஐயும் சொல். வாழ்நாள் முழுக்க "பொறுப்பில்லாதவள்" என்ற ஏச்சைச் சுமந்த ஒருத்திக்கு, அது அவள் குணக்கேடு அல்ல என்று தெரியவருவதே சிகிச்சையின் முதல் படி. அந்தப் படியில் அவளை ஏற்றிவிடும் பொறுப்பு உன்னுடையது.

அன்புடன்,
உன் அக்கா