ஃபிட்னஸ் சீட்டில் எழுதாதது

அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள் ராத்திரி, மணி ஒன்றரை இருக்கும். ஆம்பூர்ப் பக்கத்துப் பெரியவர், வயது 74, கட்டிலில் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் எதையோ இழுத்து இழுத்து மடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். ட்ரிப் ஊசி கழன்று விரிப்பெல்லாம் ரத்தம். இடுப்பு எலும்பு முறிந்து பிளேட் வைத்த மனிதர், ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று காலைக் கீழே வைக்கப் பார்த்தார். "டிரம்மை நிறுத்துடா, தோலு வீணாப் போவுது" என்று யாரையோ அதட்டினார். நாற்பது வருஷம் தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் ஓட்டியவர். "மயக்க மருந்து தலைக்கு ஏறிடுச்சா சிஸ்டர்?" என்று மகள் அழுதார்.

மறுநாள் காலையில்தான் அந்த மகளிடம் உட்கார்ந்து பேசினேன். "ஆறு மாசமா டீக்கடையில சில்லறை சரியா எண்ண மாட்டேங்கறாரு. ரெண்டு தடவ தெரு மாறிப் போயிட்டாரு. வயசாயிடுச்சுன்னு விட்டுட்டோம்" என்றார். அறுவைக்கு முந்தின நாளே இதை நான் கேட்டிருக்க வேண்டும். அன்று அவர் என்னிடம் ஊர்க்கதை சொல்லிச் சிரித்தார். நன்றாகத்தானே பேசுகிறார் என்று ஞாபகப் பரிசோதனையே வைக்காமல் சீட்டில் கையெழுத்துக்கு அனுப்பினேன். அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் போகவில்லை.

வேலூர் வட்டாரத்தில் பதினாறு வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். அறுவைக்கு முன் 'ஃபிட்னஸ்' என்றால் ஈசிஜி, சர்க்கரை, பிரஷர், எக்ஸ்ரே. மூளையை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் ஏற்கெனவே ஞாபகம் தளர்ந்தவர்களுக்குத்தான் அறுவைக்குப் பிறகு டெலிரியம் என்கிற திடீர்க் குழப்பம் அதிகம் வருகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாட்களில், ராத்திரியில் முற்றும். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 100க்கு 7 பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023இல் வந்த தேசிய மதிப்பீடு சொல்கிறது. அதில் பலருக்கு அந்த நோய் இருப்பதே வீட்டுக்குத் தெரியாது.

ஞாபகத்தைச் சோதிக்க இப்போது எங்களிடம் ஒரு தொடுதிரை டேப் இருக்கிறது. மூன்று சொல் சொல்லும், பதினொன்று பத்து காட்டும் கடிகாரம் வரையச் சொல்லும், பிறகு அந்தச் சொற்களைக் கேட்கும். சூ போர்சன் 2000இல் வெளியிட்ட மினி காக் பரிசோதனை இதேதான், அதற்கு 5 மதிப்பெண். டேப்பில் செய்தால் எவ்வளவு நேரம் யோசித்தார், எங்கே தயங்கினார் என்பதும் பதிவாகும். நல்ல கருவி. ஆனால் எங்கள் ஊர்க் கைகளை அதற்குத் தெரியாது.

தோல் ஷாப்பில் சுண்ணாம்பிலும் குரோமிலும் ஊறிக் காய்த்த விரல் திரையில் பதியாது. ரேஷன் கடையில் கைரேகை விழாமல் மூன்று தடவை அழுத்தச் சொல்வார்களே, அதே விரல்தான். ஒரு தாத்தா கடிகாரத்தின் வட்டத்தைப் போட்டார். கோடு பாதியில் அறுந்தது, மறுபடி போட்டார், மறுபடி அறுந்தது. டேப் சிவப்பு காட்டியது. மகன் முகம் வெளுத்து, "பைத்தியம்னு எழுதிடாதீங்க சிஸ்டர்" என்றார். மறுநாள் காலையில் டீ குடித்த பிறகு, கண்ணாடியை மாட்டச் சொல்லி, காகிதமும் பேனாவும் கொடுத்தேன். பதினொன்று பத்தை அழகாக வரைந்து காட்டினார். அன்றிலிருந்து டேப்போடு ஒரு திரைப் பேனாவும் வைத்திருக்கிறேன். அதுவும் சரிப்படாவிட்டால் காகிதம். பள்ளிக்கூடமே போகாதவருக்குக் கடிகாரம் வரைவதே புதுசு. அவர் தப்பாக வரைந்தால் அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய மாட்டேன்.

மொழியும் அப்படித்தான். வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்தில் பல வீடுகளில் பேச்சு உருது, கடைத்தெருவில் மட்டும் தமிழ். வீட்டு மொழியில் கேட்கும் ஆளைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். மகனோ மருமகளோ மொழிபெயர்க்க வந்தால் பாசத்தில் விடையையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள்.

இந்த ஊரிலேயே இதற்கு வழி காட்டியிருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை. 1998இல் கொச்சியில் தொடங்கிய 10/66 ஆய்வுக் குழு, உலக மறதி நோயாளிகளில் அப்போது 66 சதவீதம் பேர் வாழ்ந்த ஏழை நாடுகளில் 10 சதவீத ஆய்வுகூட நடக்கவில்லை என்பதையே பெயராக வைத்துக்கொண்டது. வேலூர்க் கிராமங்களும் அதன் களம். சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மருத்துவர் கே.எஸ். ஜேக்கப்பும் சக ஆய்வாளர்களும் 2009இல் வேலூர் பெயரிலேயே ஒரு பரிசோதனைக் கருவியை வெளியிட்டார்கள். அவர்கள் வேலையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று: நோயாளியை மட்டும் கேட்டால் போதாது, கூட இருப்பவரையும் கேள். மருந்தைத் தானே எடுத்துச் சாப்பிடுகிறாரா, காசு எண்ணுகிறாரா, பழகிய தெருவில் வழி தவறுகிறாரா, போன வாரக் கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா? நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கேளுங்கள். முகத்துக்கு நேரே கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது.

மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்ப்பதும் அவசியம். குரோம் பட்டுத் தோல் அரிப்பு வந்தவர்கள் வருஷக்கணக்கில் கடையில் வாங்கிப் போடும் பழைய அரிப்பு மாத்திரை, தூக்க மாத்திரை, இரண்டுமே வயதானவர் மூளையைக் குழப்பும். குடிப்பழக்கத்தையும் கூச்சப்படாமல் கேட்டுவிட வேண்டும். திடீரென்று நிறுத்தினால் வரும் குழப்பம் உயிரையே எடுக்கும். முதுகில் ஊசி போட்டுச் செய்தால் குழப்பம் வராது என்று பலரும் நம்புகிறார்கள். இடுப்பு முறிவுக்காரர்களிடம் நடந்து 2021இல் வெளியான பெரிய ஆய்வில் முதுகு ஊசிக்கும் முழு மயக்கத்துக்கும் டெலிரியத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

மதிப்பெண் குறைந்தால் ஆபரேஷனை நிறுத்துவதில்லை. மயக்க மருத்துவர் மருந்தை யோசித்துக் கொடுப்பார். மற்றதெல்லாம் வார்டில் நடக்க வேண்டியது. கண்ணாடியும் காதுக் கருவியும் அறுவை முடிந்ததும் கைக்கு வர வேண்டும். தண்ணீர் கொடுக்கலாம் என்றதும் கொடுக்க வேண்டும். பகலில் எழுப்பி உட்கார வைத்து, ராத்திரி விளக்கைத் தணிக்க வேண்டும். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். இப்படிச் செய்தால் டெலிரியத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது தடுக்கலாம். ஒன்று சொல்லிவிடுகிறேன்: இந்த மதிப்பெண் நோய்ச் சான்று ஆகாது. பத்திரப் பதிவுக்கு நகல் கேட்டு வந்த ஒரு மகனிடம் நான் கொடுக்க மறுத்தேன்.

போன மாதம் ஷூ கம்பெனியில் அப்பர் தைத்து ஓய்வு பெற்ற ஒரு பெரியம்மா வந்தார். டேப் 'சூரியோதயம்' என்றது. திருப்பிக் கேட்டபோது "பொழுது விடியறது" என்றார். மதிப்பெண்ணில் அது சேராது. ஆனால் அவர் சொன்னதைப் பக்கத்தில் எழுதி வைத்தேன். மகள் சொன்னவற்றையும் சேர்த்துப் பார்த்து, ராத்திரி கவனம் தேவை என்று வார்டுக்குக் குறித்தோம். மகள் கட்டிலுக்கு எதிரே வீட்டுக் கடிகாரத்தையே கொண்டுவந்து மாட்டினார். மூன்றாம் நாள் ராத்திரி நான் அந்தப் பக்கம் போனபோது கண் திறந்து, "பொழுது விடிஞ்சிடுச்சா சிஸ்டர்?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் கடிகாரத்தைப் பார்த்து, "நாலே கால்தானே ஆவுது" என்று அவரே சொல்லி, திரும்பிப் படுத்துக்கொண்டார்.